தலைக்கு மேல் போகாத கை

தோள்வலிக்கு வைத்தியம் பார்ப்பவனிடம் எல்லோரும் வலிக்கிற இடத்தைத்தான் காட்டுவார்கள். வலிக்கிற காரணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். ஊரார் கைகளைத் தூக்கித் தூக்கி என் இடது தோளும் போய்விட்டது. ஒரு பக்கமாகவே படுத்து, முனகிக்கொண்டே சட்டை மாட்டும் அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

தோளுக்கு வந்தால் கால்

தங்கமணியக்கா பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். இருபது வருஷம் மிஷின்மேல் குனிந்ததில், வலது கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. தசையின் பலம் பார்க்க என் கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னேன். தள்ள முடியவில்லை. அடுத்து, எவ்வளவு அழுத்தினால் வலிக்கிறது என்று அளக்கும் சின்னக் கருவியைத் தோளில் வைத்தேன். பிறகு முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் வைத்தேன். லேசாகத்தான் அழுத்தினேன். அக்கா துள்ளிவிட்டார்.

வலி நாள்பட்டால் நரம்புக்குப் பொறுமை போய்விடும். ஒரு குறையும் இல்லாத இடத்தைத் தொட்டாலும் கத்தும். தூக்கமின்மையும் மனக்கவலையும் அதற்குத் தீனி போடும். அதனால், வீட்டில் ஏதாவது கவலையா என்று கேட்டேன். அக்கா முறைத்தார்.

"தோள் வலின்னு வந்தா காலை அமுக்கறீங்க. அப்புறம் ஊட்டுக் கதை கேக்கறீங்க. நீங்க டாக்டருங்களா, சம்பந்தம் பேச வந்தவருங்களா?"

பீஸ் ரேட்

ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்து, காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை இழுக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் வலி இன்னும் கூடி, கையைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார். எத்தனை முறை இழுத்தீர்கள் என்றேன். "முந்நூறுங்க. மத்தியானத்துக்குள்ளயே முடிச்சுட்டேன்" என்றார் பெருமையாக. தைத்த பீஸுக்குத்தான் கூலி என்று பழகிய கை. பத்து என்றால் பத்தோடு நிறுத்த வேண்டும் என்பதே அதற்குப் புதுச் செய்தி.

பெஞ்சில் ஒத்தடத்தோடு உட்கார்ந்திருந்த அயர்னிங் மாஸ்டர் பாரூக் பாய் சிரித்துவிட்டார்.

"ஓவர்டைம் உண்டுங்களான்னு கேக்காம வுட்டாங்களே டாக்டர், அதுக்கு சந்தோசப்படுங்க!"

பின்னல்

கை தலைக்கு எட்டாததால் அக்கா தலைமுடியைச் சுருட்டி, ஒரு கிளிப்பில் கோணலாகச் செருகி வருவது வழக்கம். ஒரு நாள் அழுந்தச் சீவிப் பின்னிய சடையோடு வந்தார். யார் பின்னியது என்றேன். சடையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: மகள் கவிதா.

கவிதா எதிர்த் தெருக் கம்பெனியில் தைத்த துணிகளைச் செக்கிங் பார்க்கிறவள். தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து தாயும் மகளும் பேசுவதில்லை. அம்மா தலை சீவாமல் வேலைக்கு வருவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை அம்மாவின் கம்பெனி கேட் அருகே சீப்போடு வந்து நின்றிருக்கிறாள். பின்னிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் வருகிறாள்.

ஏதாவது பேசினாளா என்று கேட்டேன்.

"முதுகுக்குப் பின்னால நிக்கறவகிட்ட என்னத்தைங்க பேசறது? சிக்கு எடுக்கறப்ப மட்டும் 'வலிக்குதா'ங்கறா."

அளவு

ஆறாவது வாரம் மறுபடி அளந்தேன். முதல் நாள் துள்ள வைத்த அழுத்தத்துக்குக் கால் அசையவே இல்லை. என் கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னேன். அக்கா தள்ளிய வேகத்தில் என் தோள்தான் வலித்தது. "இப்போ கையை மேலே தூக்குங்க" என்றேன். தோள் மட்டத்தில் நிறுத்தி முகத்தைச் சுளித்தார். ஆனால் உள்ளே வந்ததும் சுவரின் உச்சி ஆணியில் பையை மாட்டியது அதே கைதான். நான் பையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரியாயிருச்சுன்னு எனக்குத் தெரியுமுங்க. கவிதா வந்து கேட்டா மட்டும், இன்னும் நாளாகும்னு சொல்லுங்க."

சாப்பாட்டு நேரத்தில்

கவிதா மறுநாளே வந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் டிபன் பாக்ஸ். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அம்மா கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமி, இன்னும் நாளாகும் என்று ஆரம்பித்தேன். அவள் கையமர்த்தினாள்.

"பத்து நாளா எனக்குத் தெரியுமுங்க டாக்டர். சிக்கு இழுத்தா அம்மா அந்தக் கையைத் தூக்கித்தான் என் கையைப் புடிக்குது. சரியாயிருச்சுன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

குணமான தோளைக் குணமாகவில்லை என்று இரண்டு பேரிடமும் சாதித்துக்கொண்டிருக்கிறேன்; நிஜமாகவே வலிக்கிற என் தோளை எப்படி இருக்கிறதென்று கேட்கத்தான் இன்னும் யாரும் வரவில்லை.