டீசல் கசிந்த இடம்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், போர்ட்டிக்சனிலிருந்து கொண்டுவந்த படகு எஞ்சின் ஒன்றை எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். டீசல் மட்டும் கணக்குக்கு மேல் குறைந்தது. நான் திருடி விற்பதாகக் கணக்கெழுதும் கிராணி சொல்ல, ஜப்பானிய அதிகாரி எல்லார் முன்னாலும் என்னை அறைந்தான்.

டீசல் குழாய்களை நன்றாகத் துடைத்து, வீட்டில் சாப்பிட வைத்திருந்த மரவள்ளி மாவை அவற்றின் மேல் தூவி எஞ்சினை ஓட்டினேன். பம்புக்குப் போகும் குழாயின் மூட்டில் மாவு நனைந்து கறுத்தது. கழற்றிப் பார்த்தால், செம்பு வாஷர் விரிசல் விட்டிருந்தது. புதிதாக ஒன்றை வெட்டிப் போட்டதும் கசிவு நின்றது. அதிகாரி பார்த்துவிட்டுப் போனான்.

“அதான் சரியாயிருச்சேலா, விடு,” என்றார் கிராணி.

“திருடன்னு சொன்னது நீங்க. அது பொய்யின்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க,” என்றேன்.

அவர் சொல்லவே இல்லை. அவர் சாகும்வரை நானும் அவர் முகத்தில் விழிக்கவில்லை.