பெரியக்கா விமானம் ஏறிய கதை

இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் விமானத்துக்குள் ஏறி இறங்குகிறவள் பெரியக்கா. ஒரு நாளாவது பறந்தாளா என்றால், இல்லை. பயணிகள் இறங்கியதும் நாங்கள் ஆறு பேர் ஏறிக் குப்பை அள்ளி, இருக்கை துடைத்து, கம்பளி மடித்து, அடுத்த கூட்டம் வருவதற்குள் இறங்கிவிட வேண்டும். அவள்தான் எங்கள் தலைவி. முதல் வகுப்பில் மட்டும் யாரையும் கை வைக்க விடமாட்டாள். அங்கே ஒவ்வோர் இருக்கையும் ஒரு குட்டி அறை. இழுத்துச் சாத்தக் கதவு, சாய்த்தால் கட்டில். "நீ மடிக்கிற லட்சணத்துக்கு அவன் தரையில படுத்துக்கலாம்" என்று என்னை விரட்டுவாள். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளிடம் அது செல்லாது.

அவளுக்கு ஒரே மகள், கடல் தாண்டி வேலை பார்க்கிறாள். புதன்கிழமை காலை அவளிடமிருந்து போன். இதயத்தில் வால்வு கெட்டுப்போய், மறுநாள் எட்டு மணிக்கு ஆபரேஷன். டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லையாம். "அம்மா, நான் உள்ள போறதுக்குள்ள வந்துடுவியா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

நல்லவேளை, விசா போன மாதமே வாங்கி வைத்திருந்தாள். எட்டு மணிக்குள் போய்ச் சேர அன்று மாலை விமானம் ஒன்றுதான். எங்களுக்கு ஊழியர் டிக்கெட் உண்டு, காலியிருந்தால்தான் இடம். அதிலும், கதவு சாத்தும் வரைக்கும் காசு கொடுத்தவன் எவனாவது ஓடி வந்தால் எழுந்து இறங்கிவிட வேண்டும். அன்றைக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் இருக்கை. முதல் வகுப்பில்!

எல்லாரும் ஏறின பிறகு, முன்வரிசையில் யாரோ பழரசத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், மகாராணி மாதிரி சாய்ந்திருக்க வேண்டியவள், மடியில் பையோடு இருக்கை நுனியில் முள்மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பெல்ட் கூடப் போடவில்லை.

"சாஞ்சு உட்காரேன் அக்கா!"

"ஒருத்தர் இன்னும் வரலையாம்டி. கவுண்டர்காரன் ரெண்டு தடவை லிஸ்ட்டோட வந்து என் சீட் நம்பரைப் பார்த்துட்டுப் போறான்."

"பார்த்தா பார்க்கட்டும். ஜூஸ் குடிச்சியா?"

"கிளாஸ் அழுக்காயிடும். எழுந்திருக்கச் சொன்னா யார் துடைப்பா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "வாயில நல்லா வந்துடும், பேசாம உட்காரு" என்று சொல்லிவிட்டு ஈரத்தை ஒற்றி எடுத்தேன்.

அப்போது அறிவிப்பு வந்தது: தரைப் பணியாளர்கள் எல்லாரும் இறங்கவும்.

அந்தக் குரலுக்கு இருபத்திரண்டு வருஷம் பழகின கால் ஆயிற்றே! சட்டென்று எழுந்தாள். என் முதுகில் கை வைத்து, "நட, நட" என்று தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தலைவி கடைசியாகத்தான் இறங்குவாள். அன்றும் அப்படியே எனக்குப் பின்னால் இறங்கி, வெளியே இணைப்புப் பாலத்தில் நின்றாள்.

அடிப்பாவி! பணிப்பெண் கதவில் கை வைத்துவிட்டாள்.

"சாத்தாதீங்கம்மா! இவங்ககிட்ட டிக்கெட் இருக்கு!" என்று கத்தினேன். பெரியக்கா திருதிருவென்று விழித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அப்படியே நெட்டித் தள்ளினேன். தடுமாறி உள்ளே போய் விழாமல் நின்றாள். கதவு சாத்தியாயிற்று. காசு கொடுத்தவன் கடைசி வரை வரவில்லை. எங்கிருந்தாலும் அவன் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் வேலைக்கு நடுவில் அவள் போன் வந்தது.

"ஏழேகாலுக்கே வந்துட்டேன்டி. கையைப் பிடிச்சுக்கிட்டே கதவு வரைக்கும் போனேன். உள்ள கூட்டிட்டுப் போய் அஞ்சு மணி நேரம் ஆச்சு. இன்னும் ஒண்ணும் சொல்லலை."

"பிளேன்ல அந்தக் கட்டில்ல கொஞ்சமாவது தூங்கினியா?" என்று கேட்டேன்.

"எங்க தூங்குறது? எவனாவது வந்து எழுப்பி இறங்கச் சொல்லிடுவானோன்னு பதிமூணு மணி நேரமும் பையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தே வந்தேன்."

"இப்பவாவது கொஞ்சம் வெளிய போய் ஏதாவது சாப்பிட்டுட்டு வா அக்கா. எப்படியும் நேரம் ஆகும்."

"போடி. இது அவளோட அம்மா உட்கார்ற நாற்காலி. இங்கேருந்து என்னை எவனும் எழுப்ப முடியாது."