பத்தொன்பதாவது புள்ளி

அத்தான் பள்ளிக்கூடச் சுவரில் பொட்டாசியத்தைத் தப்பாக வரைந்துவிட்டாராம். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பரீட்சையில் அப்படியே எழுதித் தொலைத்தார்களாம். சித்தப்பா மகனுக்கு முடிவெட்டுகிறவர் சொல்லி, அவன் எனக்குச் சொன்னான். கடல் தாண்டி இருப்பவனுக்குச் செய்தி இப்படித்தான் வந்து சேர்கிறது. அந்தத் தப்பு அத்தானுடையது அல்ல, என்னுடையது.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பலகை எழுதுகிறவர். ஒரு புள்ளி வைக்கவும் அளந்து பார்ப்பதால் 'அளவுகோல்' என்றே கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர். இருபது வருடம் கடைப் பலகையாக எழுதித் தள்ளிய பிறகு, இப்போதுதான் முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடம் அவரை நம்பிச் சுவர் கொடுத்திருந்தது. இருபது தனிமங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே கரு, சுற்றிலும் வட்டங்கள், வட்டத்தின்மேல் மருந்துப் புட்டி மூடியை வைத்து வரைந்த எலக்ட்ரான்கள். சரியாக வந்தால் மற்றப் பள்ளிகளும் கூப்பிடும்.

போன மாதம் போனில் கேட்டார்: "மச்சான், மூணாவது வட்டத்துல எத்தனை பேர் உட்காரலாம்?"

"பதினெட்டு வரைக்கும் அத்தான்," என்றேன், பேருந்துக்கு ஓடிக்கொண்டே.

இடம் இருப்பது வேறு, நிரம்பும் வரிசை வேறு என்பதைச் சொல்லாமல் விட்டேன். பொட்டாசியத்துக்குப் பத்தொன்பது எலக்ட்ரான். முதல் வட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு, மூன்றாவதில் எட்டு. மிஞ்சும் ஒன்று, மூன்றாவதில் இடம் காலியாகக் கிடந்தாலும் நான்காவதுக்குப் போய்விடும். அதற்கு ஆற்றல் குறைந்த இடம் அங்கேதான். என் பேச்சை நம்பியவர் மூன்றாவதில் ஒன்பது வைத்திருப்பார்.

அக்காவை அழைத்தேன்.

"ஆமா, ஒன்பதுதான் வச்சார்," என்றாள். "சாக்பீஸ்ல."

"பெயின்ட்ல இல்லையா?"

"உங்க அத்தானாவது, நேரா பெயின்ட் அடிக்கிறதாவது! ஒரு ஆபீஸ் கதவுல இழுக்கிற பக்கம் 'தள்ளு'ன்னு எழுதி, மேனேஜர் மூக்கை இடிச்சுக்கிட்டாரே, மறந்துட்டியா? அதுலேருந்து எதையும் சாக்பீஸ்ல போட்டு மூணு நாள் விட்டுடுவார். தப்புன்னு பட்டா யாரும் அழிக்கட்டும்னு பக்கத்துல துணி வேற தொங்கும். அடுத்த கால்சியத்தைப் போடுறதுக்குள்ள கெமிஸ்ட்ரி டீச்சர் வந்து ஒரு புள்ளியைத் துடைச்சு, வெளியே நாலாவது வட்டம் போட்டு அதுல வச்சாங்க. அப்புறம்தான் பெயின்ட்."

"அப்ப பரீட்சை?"

"பரீட்சையே அடுத்த மாசம்தான்டா, விஞ்ஞானி!"

அப்பாடா! ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

"அத்தானுக்கு என் மேல கோபமா?"

"அதை அவர்கிட்டயே கேளு. இன்னொரு ஸ்கூல்ல ஏணி மேல நிக்கிறார்."

அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது. ஏணியில் நிற்பவர் அவசரப்பட்டு எடுத்துவிடுவாரோ என்று பயம்தான். ஆனாலும் வைக்க மனம் வரவில்லை.