ஹாஜியாரின் கதிரை

பிள்ளைகளே, ஒரு புதன்கிழமை நான் பள்ளிக்கூட வாசலில் உங்களுக்காகக் காத்து நின்றது நினைவிருக்கிறதா? சின்னவள் என்னைக் கண்டதும் ஓடிவரவில்லை. கொஞ்சத் தூரத்திலேயே நின்று, "அப்பா, ஆர் செத்தது?" என்று கேட்டாள். வேலை நாளில் நான் அங்கே வந்தால் யாரோ செத்திருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணம். பிறகு தலைமன்னார் பஸ்ஸில் ஏறிக் கடலுக்குப் போனோம். நீங்கள் இரண்டு பேரும் தண்ணீருக்குள் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கரையில் நின்றேன். ஏன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. எனக்குப் பொறாமை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் மனம் முழுக்கக் கந்தோரில்தான் இருந்தது.

எங்கள் கந்தோரில் கடைக்காரர்களுக்கும் மீன் முதலாளிமாருக்கும் வருமான வரிக் கணக்குச் செய்து கொடுக்கிறோம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பார்த்துப் பார்த்துத்தான் வேலை பழகினேன். கார்த்திகை முடிவதற்குள் எல்லாருடைய கணக்கும் இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விட வேண்டும். அந்த மாதத்தில் எங்களுக்கு ஞாயிறும் இல்லை, பூசையும் இல்லை. முந்திய வருடம் எங்கள் பெரிய கிளாக்கர் மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டு அழத் தொடங்கினார். சத்தமே இல்லை. கண்ணீர் மட்டும் சோற்றில் விழுந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை.

அதனால்தான் கந்தோரை நடத்துகிற மிஸ், இந்த வருடம் சீசன் தொடங்க முன்னமே எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கிழமையில ஒரு நாள் ஆளுக்காள் மாறி வீட்டை நில்லுங்கோ. அண்டைக்கு இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. கந்தோர் போனையும் குடுத்திட்டுத்தான் போகோணும். இனி ஒவ்வொரு முதலாளியின்ர கணக்கையும் ரெண்டு பேர் பாக்கோணும்."

என்னோடு சேர்த்துவிட்டது வெள்ளாங்குளத்தில் இருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளையை. இளம் பிள்ளை, சோதனை பாஸ் பண்ணினவள். அவளுக்கு வெள்ளி, எனக்குப் புதன்.

மற்ற முதலாளிமாரை அவள் பார்த்தால் பார்க்கட்டும். ஆனால் விடத்தல்தீவுக் கருவாட்டு ஹாஜியார் என்னுடைய ஆள். பில்லுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு வருவார். டின்னைத் திறந்தால் கந்தோரே மணக்கும். முழங்கால் வருத்தம் என்பதால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தால் அவரால் எழும்ப முடியாது. அவருக்கென்று கைபிடி வைத்த உயரமான மரக் கதிரை ஒன்று என் மேசைக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும். நான் எங்காவது போயிருந்தால், "தம்பி இல்லாட்டி நான் பிறகு வாறன்" என்று டின்னோடு திரும்பிவிடுவார். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்த மாதிரி. நீங்களும் ஒரு நாள், நீ இல்லாவிட்டால் நடக்காது என்று யாராவது சொல்கிற இடத்தில் வேலை செய்வீர்கள். அந்தச் சொல் நன்றாக இனிக்கும், கவனம்.

தலைமன்னார்க் கரையில் நின்று நான் மன்றாடியது இதைத்தான்: ஹாஜியார் இன்றைக்கு வர வேண்டும், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கக் கூடாது, அவர் கோபித்துக்கொண்டு போய்விட வேண்டும்.

அடுத்த நாள் போனால், மரக் கதிரை அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"அண்ணை, நேற்று ஹாஜியார் வந்தவர். எல்லாம் முடிஞ்சுது."

"எல்லாமோ?"

"ஓம். ஐஸ் வாங்கின பில்லுகள் மட்டும் நாளைக்குக் கொண்டு வாறாராம்."

"கோபப்பட்டவரோ?"

"சீச்சீ. ஒரே பகிடி. உங்களையும் விசாரிச்சவர்."

"என்னெண்டு?"

"ஆர் செத்ததெண்டு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதிரையை என் மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். அது சீமெந்து நிலத்தில் போட்ட சத்தத்துக்கு உள்ளே இருந்து மிஸ் எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹாஜியார் வந்தார். நடுவில் நின்று இரண்டு மேசையையும் பார்த்தார். "தங்கச்சி எங்க?"

"அவ இண்டைக்கு லீவு. நான் இருக்கிறன்தானே."

அவர் கதிரையில் மெல்ல இருந்துகொண்டு என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, முகம் காயப்போட்ட கருவாடு மாதிரிக் கிடக்கு?"

நான் அவருடைய கணக்கை எடுத்தேன். லொறிச் செலவை அந்தப் பிள்ளை வேறு மாதிரிப் பிரித்திருந்தாள். எனக்கு அது பிடிபடவில்லை. என் கை போனுக்குப் போனது.

"அவவின்ர சொந்த நம்பருக்கு ஒரு கோல் எடுத்தாச் சரி, ஹாஜியார்."

பிள்ளைகளே, சந்தேகம் கேட்க மட்டும் நான் அந்தப் போனைத் தூக்கவில்லை. என்னுடைய லீவு நாள் பொறாமையிலேயே போய்விட்டது, அவளுடைய நாள் மட்டும் முழுசாக இருக்கக் கூடாது என்றும் மனதில் இருந்தது.

"வையுங்க போனை," என்றார் ஹாஜியார். "உங்கட பெரிய கிளாக்கரைக் கடைத்தெருவில கண்டா நான் மற்றப் பக்கத்தால போறன், தெரியுமா? கந்தோர் போன் அவரிட்ட இருந்த காலத்தில, அவர் சாப்பிடேக்க, குளிக்கேக்க, கோயில்ல நிக்கேக்க எல்லாம் போன் அடிச்ச ஆள் நான்தான். இனி உங்க ரெண்டு பேருக்கும் ஒளிச்சு ஓட என்னால ஏலாது. முழங்கால் விடாது."

நான் போனை வைத்தேன். அவர் ஐஸ் பில்லுகளை மேசையில் எண்ணாமல் வைத்துவிட்டு ஜும்மாத் தொழுகைக்கு எழும்பினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "லொறி விசயத்தை நாளைக்குத் தங்கச்சி சொல்லித் தருவா," என்றார். அதுவும் போய் நெஞ்சில் குத்தியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, என் லீவுக்கு முதல் நாள் பின்னேரம், எல்லாரும் போன பிறகு, கந்தோர் போனை அந்தப் பிள்ளையின் மேசை லாச்சிக்குள் வைத்தேன். பிறகு மரக் கதிரையை, இந்த முறை இழுக்காமல், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு கால் ஆடியது. கடதாசித் துண்டை மடித்து அடியில் செருகிவிட்டு, ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு முறை இருந்து பார்த்தேன்.