அப்பாவும் ஒரே ஒரு சொல்லும்: ஸ்ரீரங்கம் போய் வந்த கதை

போன சனிக்கிழமை அப்பாவை ஸ்ரீரங்கம் கூட்டிப் போனேன். பக்தி மட்டும் காரணமில்லை. மறுநாள் அண்ணன் கார் எடுத்துவந்து அவரைச் சென்னைக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. பதினான்கு மாதமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இனி முடியாது என்று சொன்னதும் நானேதான். போகும் முன் பெருமாளைக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அப்பா மருங்காபுரி பக்கம் ஓடிய பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். பக்கவாதத்தில் வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் தப்பியது: ரைட்டு. பள்ளிக்கூடத்தில் எனக்கு ரைட்டு என்றால் நோட்டில் டீச்சர் போடும் குறி. பஸ்ஸில் அது வண்டியை எடு. கடைக்காரர் சொன்னால் சரி, ஆகட்டும். சண்டையில் சொன்னால் இதோடு விடு. ஏற்கனவே இவ்வளவு சுமந்த சொல்லின் மேல் அப்பா இன்னும் ஏற்றினார். பசி, தண்ணீர், வலி, ஃபேனைப் போடு, டிவியை மாற்று, எல்லாமே ரைட்டு. முகத்தையும் தொனியையும் வைத்து நான்தான் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும். என் பெயரும் அதற்குள் எங்கோ இருக்கிறது என்று கொஞ்ச நாள் நம்பினேன். பிறகு, நான் ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரிகிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

காலை ஏழரைக்கு எடமலைப்பட்டி புதூரில் ஆட்டோ ஏறினோம். கோயில்வரைக்கும்தான் பேசியிருந்தேன். நாலு கிலோமீட்டர் தாண்டி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்ததும், அப்பா "ரைட்டு, ரைட்டு" என்று இறங்கப் பார்த்தார்.

"பஸ்ஸுலதான் போவேங்குறாருங்க. விடுங்க, ஒண்ணாம் நம்பர்ல ஏறிடுங்க," என்றார் ஆட்டோக்காரர். 120 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

டவுன் பஸ்ஸில் எனக்கு இலவசம், அப்பாவுக்கு மட்டும் டிக்கெட். சுமார் பத்து கிலோமீட்டர். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

எட்டே முக்காலுக்குக் கோயிலில் இருந்தோம். பூஜை நேரத்தில் தரிசனம் கிடையாது என்று தெரிந்தும் மறந்திருந்தேன். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலிருந்த மாமி, "சேவை ஆயிடுத்தா?" என்று கேட்டார். அவர்களுக்குப் பெருமாளைப் பார்ப்பது சேவை. எங்கள் வீட்டில் அது எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடும் பலகாரம். காலையிலிருந்து வெறும் வயிறு. எனக்கு இரண்டாவதுதான் ஞாபகம் வந்தது. பத்தேகாலுக்குக் கோயிலில் கொடுத்த சக்கர நாற்காலியில் அவரை வைத்து உள்ளே போனோம். பத்து விநாடி பார்த்திருப்போம். பெருமாளிடமும் அப்பா அதே சொல்லைத்தான் சொன்னார். எரிச்சலாக வந்தது.

பதினொன்று இருபதுக்குத் திரும்பும் பஸ். அப்பாவை முன்படியில் ஏற்றி, படிக்கு அடுத்த ஜன்னல் சீட்டில் உட்காரவைத்தேன். வலது கால் செருப்பு ரோட்டிலேயே கழன்று கிடந்தது. எடுக்க இறங்கினேன். பின்படியில் நின்ற கண்டக்டர் என்னைக் கவனிக்கவில்லை. "போலாம் ரைட்!" வண்டி நகர்ந்தது. ஒற்றைச் செருப்போடு பின்னாலேயே ஓடினேன். கத்தக்கூட மூச்சில்லை.

நிறுத்து என்று அப்பாவால் சொல்ல முடியாது. இருக்கும் ஒரே சொல்லோ வண்டியைக் கிளப்பும் சொல். அதை அவர் வாயில் எடுக்கவில்லை. இடது கையை ஜன்னலுக்கு வெளியே விட்டுத் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு தட்டு என்றால் போ, ஒரு தட்டு என்றால் நில். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிரேக் போட்டார்.

"யாருங்க தட்டினது?" என்று முன்னால் வந்த கண்டக்டர் அப்பாவைப் பார்த்ததும், "நம்ம டிபார்ட்மெண்ட்டுங்களா?" என்றார்.

"முப்பது வருஷம் கண்டக்டருங்க," என்றேன் மூச்சு வாங்க.

"அப்ப ஐயாவே சொல்லட்டும்."

அப்பா உடனே சொல்லவில்லை. நான் அவருக்குச் செருப்பை மாட்டி, பக்கத்தில் உட்கார்ந்து, கம்பியைப் பிடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான், "ரைட்டு."

காவிரிப் பாலம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

இப்படி ஒருவரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு: பூஜை நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வார் வைத்த செருப்பு மாட்டிவிடுங்கள்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். "அப்பா துணிமணி எல்லாம் எடுத்து வெச்சுட்டியா?"

"இல்லண்ணே, அனுப்பல. நீங்க வந்து பத்து நாள் இங்க இருந்து பாத்துக்குங்க. நான் தூங்கணும்."

போனை வைத்ததும் உள்ளேயிருந்து "ரைட்டு" என்று சத்தம். தண்ணீர்தான் என்று சொம்போடு போனேன். ஃபேனாம்.