சீப்பில் ஒட்டிய முடி

மகள் தலைவாரி முடித்ததும் நான் சீப்பை எடுத்துப் பார்ப்பேன். இரண்டு முடி இருந்தால் பரவாயில்லை. ஐந்தாறு இருந்தால் அன்று கரும்புக் காட்டில் வேலை ஓடாது. மண்வெட்டியைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன வாரம், யாரிடமும் சொல்லாமல் கல்வராயன் மலையில் இருக்கும் எங்கள் குலசாமியிடம் போனேன். குணமானதும் அவள் தலைமுடியைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். சென்னையில் ஏற்றப்போகும் மருந்தில் அந்த முடி முழுவதும் கொட்டிப்போகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து. பிறகு மாத்திரையும் நின்றது. முடி தோள்வரை வளர்ந்தது. அதன் பிறகுதான் வேண்டுதலை வீட்டில் சொன்னேன். உடனே போய் முடித்துவிடலாம் என்றாள் மனைவி. மகள் சீப்பைக் கீழே வைக்கவில்லை.

"சாமிக்குத்தான் அப்பவே மொத்தமா குடுத்தாச்சே. இன்னாத்துக்கு இன்னொரு தபா?"

எனக்கு வேறு கவலை. குணமானதும் என்றல்லவா சொல்லியிருந்தேன். குணமாகிவிட்டதா? பரிசோதனைக்குச் சென்னை போகும் ஒவ்வொரு முறையும் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போதே கேள்வியை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்ததும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இந்தத் தடவை கதவுவரை வந்த பிறகு திரும்பி நின்று, "போயிடுச்சுங்களா?" என்றேன்.

"இப்ப ரத்தத்துல இல்லைங்க. இந்த வகையில நிறைய பசங்க நல்லாயிடுறாங்க. ஆனா இனிமே வரவே வராதுன்னு இன்னிக்கு சொல்ல முடியாது. வருஷம் போகப் போக பயம் கம்மியாகும்."

திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டியதும் மகள் சொன்னாள்.

"பூமுடி குடுக்குறேன்ப்பா. மூணு விரல் அளவு, வருஷா வருஷம். மொத்தமா சரியாச்சுன்னு டாக்டரம்மா சொல்ற அன்னிக்கு மீதிய பேசிக்கலாம்."

மொட்டை போடாமல் நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வழக்கம்தான். எனக்குத்தான் அது தோன்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மலைக்குப் போனோம். பூசாரி மூன்று விரல் வைத்து அளந்து வெட்டினார்.

மலையிறங்கும் பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் சட்டையில் அவள் முடி ஒன்று ஒட்டியிருந்தது. வெட்டியதா, உதிர்ந்ததா? எடுத்து என் விரல்களில் வைத்து அளந்து பார்த்தேன். மூன்று விரலைத் தாண்டி இன்னும் நீண்டது.

சன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு அவள் நெற்றியைத் தொட்டேன். சூடு இல்லை. அடுத்த வளைவில் மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.