கருப்பராயன் கோயிலில் பறந்த சேவல்

கோழி பறக்காது என்று நான் அடித்துச் சொன்னேன். சும்மா ஒன்றும் சொல்லவில்லை. பல்லடம் பக்கம் எங்கள் அப்பா கறிக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தீவனம் வைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் என் வேலை. ஆயிரக்கணக்கில் கோழி பார்த்தவள் நான். ஒன்றாவது ஒரு முழம் எழும்பியிருக்குமா? தின்னும், தூங்கும், நாற்பது நாள் சொச்சத்தில் லாரி ஏறிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், விமானப்படைத் தளம் இருக்கிற சூலூரில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரருக்கு முப்பத்திரண்டு வயதுவரை பெண்ணே அமையவில்லையாம். ஒரு மருமகள் வந்துவிட்டால் சேவல் அறுப்பதாக அத்தை கருப்பராயனிடம் வேண்டியிருந்தார். அந்த மருமகள் நான்தான். வேண்டுதலுக்கென்று விட்டிருந்த கருஞ்சேவல் என்னைக் கண்டாலே கொத்த வரும். என்னால்தான் தனக்குக் கேடு என்று அதற்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ.

கல்யாணமாகி மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தபந்தம் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். யாருக்காக வேண்டினாரோ அவளே சேவலைக் கொண்டுவர வேண்டும் என்பது அத்தையின் பிடிவாதம். காலில் கட்டிய கயிறு இறுக்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்ததால் அவிழ்க்கப் போனேன்.

"அவுக்காத அம்மணி, பறந்துபோயிரும்" என்றார் அத்தை.

"கோழியாவது பறக்கறதாவது! நான் பாக்காத கோழியாங்க அத்தை?" என்று சொல்லிக்கொண்டே அவிழ்த்துப்போட்டேன். எனக்கு அப்போது அவ்வளவு திமிர்.

பூசாரி சேவல்மேல் தண்ணீர் தெளித்தார். அது உடம்பை உதறினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். உதறியது. அம்மாடி, என்ன ஓர் உதறல்! றெக்கையால் என் மூஞ்சியில் இரண்டு அறை வைத்து, கையிலிருந்து கிளம்பி, வேப்பமரத்து உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. போதாததற்கு ஒரு கூவல் வேறு.

"ஏர்போர்ஸ் ஊர்ல வளந்த சேவலாச்சுங்களே!" என்றார் என் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள். தொரட்டி கொண்டுவந்தார்கள், கல் விட்டார்கள். அது நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, எங்கள் தலைக்கு மேலேயே பறந்து சோளக்காட்டுக்குள் இறங்கியது. மத்தியானம்வரை தேடினோம். ஒரு இறகுகூடக் கிடைக்கவில்லை.

சிரிப்பெல்லாம் அடங்கியபோது, அத்தையின் அக்கா என் காதில் விழும்படியே சொன்னார்: "சாமிக்கு நேந்தது கைய உட்டுப் போச்சு. இனி வந்தவ மட்டும் நெலச்சு நிப்பாளா?"

 அப்படியே பஸ் ஏறிப் பல்லடம் போய்விடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

"தப்பு என்மேலதானுங்க அத்தை. வேற சேவல் வாங்கிரலாமுங்க" என்றேன். அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்துத் திரும்பினார். "நான் சேவலக் கேட்டா வேண்டுனேன்? மருமவளக் கேட்டு வேண்டுனேன். அவ இங்கதான நிக்கறா! சேவல் சாமியோடது. அவரு காட்டுல அவரு சேவல் மேஞ்சுட்டுப் போகுது, உனக்கென்ன வந்துச்சுங்கறேன்?"



"வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம். பசிக்குது" என்றார் அத்தை. அந்த மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக என் கையைப் பிடித்தார். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.